உங்களுக்குத் தெரியுமா? வரலாற்றை மறுவிசாரணை செய்த வழக்கறிஞர்

● அமெரிக்க வரலாற்றாசிரியர் அனெட் கோர்டன்-ரீட் சட்டமும் படித்தவர். 1984இல் ஹார்வர்டில் சட்டப் பட்டம் பெற்று, வழக்கறிஞராக இருந்த பிறகே வரலாறு எழுத வந்தார்.

● டெக்சாஸின் கான்ரோ ஊரில், வெள்ளையர் மட்டுமே படித்த தொடக்கப் பள்ளியில் சேர்ந்த முதல் கறுப்பினக் குழந்தை அவர்தான்.

● அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் பிறந்ததைப் பல அறிஞர்கள் மறுத்துவந்தார்கள். 1997இல் வெளிவந்த தம் நூலில், அந்த மறுப்புகளைச் சாட்சியங்களைப் போலக் குறுக்கு விசாரணை செய்தார் அனெட். அடிமைகளாக இருந்தவர்களின் வாக்குமூலத்துக்கும் மதிப்புத் தர வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே வெளியான டிஎன்ஏ சோதனை முடிவு அதற்கு வலுச் சேர்த்தது.

● சாலியின் முன்னோர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். வளர்ந்து ஆளான அவருடைய நான்கு பிள்ளைகளில் மூவர் பிற்காலத்தில் வெள்ளையர்களாகவே வாழ்ந்தனர். மேடிசன் மட்டும் கறுப்பினத்தவராக வாழ்ந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு இனங்கள்!

● ஹெமிங்ஸ் குடும்பத்தின் கதையை விரிவாகச் சொன்ன நூலுக்காக 2009இல் அனெட்டுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வரலாற்றுப் பிரிவில் அதை வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே.