முதலாண்டுக் கூடைப்பந்து ஆட்டக்காரரிடம் எதை எதிர்பார்ப்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் படைக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் திறமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெற்றோர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "பிள்ளையிடம் அதிகம் எதிர்பார்ப்பது தவறா?" என்பதே அது. இன்று அந்தக் கேள்விக்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக் களத்தில் விடை தேடுவோம். எதிர்பார்ப்பு ஓர் இளைஞரை எப்படி உயர்த்துகிறது, எப்படி நசுக்குகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் களம் வேறொன்று இருப்பது அரிது.

அங்கே ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் கல்லூரிப் போட்டிகள் தொடங்குகின்றன. பருவம் தொடங்கும் முன்பே, இடைநிலைப்பள்ளியை முடித்துவிட்டு வரும் 18 வயது இளைஞர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டுவிடுவார்கள். முதலிடத்தில் யார், பத்தாவது இடத்தில் யார், அடுத்த ஆண்டே என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைக் கூடைப்பந்துக்குப் போகப் போகிறவர் யார் என்றெல்லாம் ஆரூடம் சொல்வார்கள். அந்தப் பையன் கல்லூரி அணியின் சட்டையைக்கூட இன்னும் அணிந்திருக்க மாட்டான்.

ஆரூடம் பலிப்பதும் உண்டு. 2018-19ஆம் பருவத்தில் டியூக் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஸயன் வில்லியம்சன், முதலாண்டிலேயே ஆட்டத்திற்குச் சராசரியாக 22 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். 2019இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக அழைக்கப்பட்டார். அவரைப் பார்த்துவிட்டு, "நல்ல ஆட்டக்காரர் என்றால் முதலாண்டிலேயே தெரிந்துவிடும்" என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அவருடைய பாதையும் நேராக அமைந்துவிடவில்லை. பாதத்தில் ஏற்பட்ட காயத்தால் 2021-22ஆம் பருவம் முழுவதும் அவரால் களமிறங்க முடியவில்லை.

எண்கள் சொல்லும் உண்மை

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். என்.சி.ஏ.ஏ. எனப்படும் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. நீண்ட காலமாக ஆடவர் கூடைப்பந்து அணி ஒவ்வொன்றிலும் 13 பேருக்கு முழு உபகாரச் சம்பளம் வழங்க அனுமதி இருந்தது. அப்படிப் பார்த்தாலே 4,500 பேருக்கு மேல் வந்துவிடுகிறார்கள். 'டிராஃப்ட்' என்று சொல்லப்படும் என்.பி.ஏ. தேர்விலோ இரண்டே சுற்றுகள். அதிகம் போனால் ஆண்டுக்கு 60 பேர். அந்த 60 இடங்களிலும் ஐரோப்பாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வருபவர்கள் பங்கு கேட்கிறார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் அந்த அழைப்பு வருகிறது.

அழைப்பு வந்தவுடனே வாழ்க்கை உறுதியாகிவிடுவதும் இல்லை. முதல் சுற்றில் தேர்வானவருக்கு உத்தரவாதமுள்ள ஒப்பந்தம் கிடைக்கும். இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு அது நிச்சயமில்லை. ஆக, "என் மகன் கல்லூரி அணியில் இருக்கிறான், அடுத்து என்.பி.ஏ.தான்" என்று ஒரு தந்தை கனவு காண்பதில் தவறில்லை. அந்தக் கனவை மட்டுமே நம்பிக் குடும்பத்தின் எதிர்காலத்தைத் திட்டமிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலாண்டு ஏன் கடினமானது?

பள்ளியில் கொடிகட்டிப் பறந்தவர் கல்லூரியில் ஏன் திணறுகிறார்? இதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன.

முதலாவது, உடல். 18 வயதில் வளர்ந்துகொண்டிருக்கும் பையன், 21, 22 வயது இளைஞர்களோடு மோத வேண்டும். கோவிட் காலத்தில் நடந்த 2020-21ஆம் பருவம் யாருடைய கணக்கிலும் சேராது என்று விதி தளர்த்தப்பட்டதால், அதற்கடுத்த சில ஆண்டுகளில் 23, 24 வயதினரும் களத்தில் இருந்தார்கள். பள்ளியில் தோளால் இடித்துக்கொண்டே கூடை வரைக்கும் போனவர், கல்லூரியில் அதே தோள் எடுபடாமல் நின்றுவிடுகிறார்.

இரண்டாவது, தூரம். அமெரிக்கப் பள்ளிகளில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.02 மீட்டர் தொலைவில் உள்ளது. கல்லூரி ஆடவர் போட்டிகளில் 2019இலிருந்து அது அனைத்துலக அளவான 6.75 மீட்டர். இடைவெளி 73 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று சாண். ஆனால் அந்த மூன்று சாண் தூரத்திற்காகக் காலின் விசை, கையின் கோணம், பந்து எழும்பும் உயரம் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பல மாதப் பயிற்சி தேவை.

மூன்றாவது, நேரம். இதைத்தான் பெற்றோர்களும் இரசிகர்களும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐவர். ஆக, ஓர் அணியில் பங்கிட்டுக்கொள்ள மொத்தம் 200 நிமிடங்கள்தான் உள்ளன. முதல் ஐவர் தலா 30 நிமிடம் ஆடினால் 150 போய்விடும். மீதி 50 நிமிடத்தை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் சொச்சம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு புதியவர் நான்கு புள்ளிகள் எடுத்தால், "என்ன, நான்கே புள்ளியா?" என்று கேட்பது நியாயமாகுமா?

நான்காவது, தற்காப்பு. புதியவருக்குக் கூடுதல் நேரம் தரலாமா என்று பயிற்றுநர் யோசிக்கும்போது, அவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதைவிட, எதிரணிக்கு எத்தனை புள்ளியை விட்டுக்கொடுப்பார் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். பள்ளியில் நட்சத்திரமாக இருந்தவருக்குக் களைப்பாக இருந்தால் தற்காப்பில் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளும் சலுகை இருந்திருக்கும். கல்லூரியில் அந்தச் சலுகை கிடையாது.

பெரியவர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள்

ஸ்டீபன் கறி என்ற பெயரைக் கூடைப்பந்து பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். பெரிய கல்லூரிகள் அவருக்கு உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். 2006இல் ஆடிய முதல் ஆட்டத்திலேயே 13 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். அன்றோடு யாராவது அவரை எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 32 புள்ளிகள் குவித்தார். மூன்று பருவங்கள் கல்லூரியில் ஆடிவிட்டு, 2009இல் ஏழாவது ஆளாக என்.பி.ஏ.வுக்குத் தேர்வானார். பின்னர் நான்கு முறை வெற்றியாளர் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்றார்.

காவாய் லெனர்ட் மற்றோர் எடுத்துக்காட்டு. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய இரண்டு பருவங்களிலும் அவருடைய மூன்று புள்ளி வீச்சுகளில் கூடைக்குள் விழுந்தவை 30 விழுக்காட்டைத் தொடவில்லை. "இவருக்கு வெளியிலிருந்து எறிய வராது" என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. 2011-12இல், என்.பி.ஏ.வில் முதல் பருவத்திலேயே அது 37 விழுக்காட்டைத் தாண்டியது. இல்லாத திறமையும் பயிற்சியால் வந்து சேரும் என்பதற்கு இது சான்று.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கனடாவைச் சேர்ந்த ஆந்தனி பென்னட், லாஸ் வேகாஸ் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு 2013இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக அழைக்கப்பட்டார். தோள்பட்டை அறுவைச் சிகிச்சை காரணமாக அந்தக் கோடைக்காலப் பயிற்சியை அவர் இழந்திருந்தார். நான்கு பருவங்களில் நான்கு அணிகள் மாறிய பிறகு, 2017இல் அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிவுக்கு வந்தது. அவர் திறமையற்றவர் அல்லர். 20 வயதில் ஒருவர் தலையில் 'முதலாமவர்' என்ற கிரீடத்தை வைத்துவிட்டால், அதன் பாரத்தையும் அவரேதான் சுமந்தாக வேண்டும்.

எதை அளந்து பார்ப்பது?

"அப்படியானால் என் பிள்ளை முன்னேறுகிறானா என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது?" என்று நீங்கள் கேட்கலாம்.

புள்ளிக் கணக்கை மட்டும் பார்ப்பது பயன் தராது. ஒரு புதியவர் பருவம் முழுவதும் 40 முறை மூன்று புள்ளிக்கு முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 14 பந்துகள் உள்ளே விழுந்தால் 35 விழுக்காடு. இன்னும் இரண்டு விழுந்திருந்தால் 40 விழுக்காடு. "அருமையான வீச்சாளர்" என்பார்கள். இரண்டு குறைந்திருந்தால் 30 விழுக்காடு, "தேறமாட்டார்" என்பார்கள். இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் இருப்பவை நான்கே பந்துகள். அவை வளையத்தில் பட்டு உள்ளே விழுந்தனவா வெளியே விழுந்தனவா என்பதை வைத்து ஓர் இளைஞரின் எதிர்காலத்தை முடிவு செய்யலாமா?

ஆகவே முதலாண்டில் பார்க்க வேண்டியவை வேறு. உடல் வலுப்பட்டிருக்கிறதா? பந்தைப் பறிகொடுப்பது நவம்பரைவிடப் பிப்ரவரியில் குறைந்திருக்கிறதா? தற்காப்பில் சரியான இடத்தில் நிற்கிறாரா? யாரும் தடுக்காமல் எறியும் 'ஃபிரீ த்ரோ' வீச்சில் கை நிதானப்பட்டிருக்கிறதா? பாடங்களில் தேர்ச்சி பெறுகிறாரா? இவற்றுக்கெல்லாம் 'ஆம்' என்ற விடை கிடைத்தால், புள்ளி குறைவாக இருந்தாலும் முதலாண்டு வெற்றியே. இரண்டாம் ஆண்டில் ஆடும் நேரம் கூடுகிறதா என்று பார்க்கலாம். மூன்றாம் ஆண்டில் நெருக்கடியான கட்டத்தில் சரியான முடிவெடுக்கிறாரா என்று பார்க்கலாம். வளர்ச்சி படிக்கட்டுபோல ஒரே அளவாக வராது. சில மாதங்கள் நின்றுவிட்டதுபோல் தோன்றும். திடீரென ஒரு பாய்ச்சல் வரும்.

பொறுமை குறைந்த காலம்

இன்று அங்கே சூழ்நிலையும் மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு விளம்பர வருமானம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2021இலிருந்து கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. முன்பெல்லாம் மாறியவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியிருந்தது.

இவற்றால் மாணவர்களுக்கு நன்மை உண்டு. அதே வேளையில், 18 வயதுக்காரரை மூன்றாண்டு வளர்த்தெடுப்பதைவிட, வேறு கல்லூரியில் வளர்ந்துவிட்ட 22 வயதுக்காரரை அழைத்துவருவது பயிற்றுநருக்குச் சுலபமாகிவிட்டது. பணம் வாங்குகிறவர் என்பதால் இரசிகர்களின் பொறுமையும் குறைந்துவிட்டது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் பணத்தையும் மட்டும் பார்க்காமல், "இங்கே என் பிள்ளைக்கு ஆட நேரம் கிடைக்குமா? இளையவர்களை வளர்த்த அனுபவம் இந்தப் பயிற்றுநருக்கு உண்டா?" என்று குடும்பத்தார் கேட்பது அவசியமாகிறது.

ஒரு தாய் கேட்டது

இறுதியாக டிம் டங்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் பிறந்த அவர் சிறுவயதில் நீச்சல் வீரர். 1989இல் ஹியூகோ சூறாவளி அந்தத் தீவின் நீச்சல் குளத்தை அழித்த பிறகே கூடைப்பந்துக்கு வந்தார். மறு ஆண்டு, அவருக்கு 14 வயது நிறைவதற்கு முந்தைய நாள், தாயார் புற்றுநோயால் காலமானார். பிள்ளைகள் பட்டம் பெற வேண்டும் என்பது அந்தத் தாயின் விருப்பம்.

1993இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த டங்கன், முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் வளர்ந்தார். படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தால் என்.பி.ஏ.வில் பெரும் பணம் காத்திருந்தது, அவர் போகவில்லை. நான்காண்டுகள் படித்து உளவியலில் பட்டம் பெற்ற பிறகே 1997இல் முதல் ஆளாகத் தேர்வானார். ஐந்து முறை வெற்றியாளர் பட்டம் வென்ற அணியின் தூணாக விளங்கினார்.

அந்தத் தாய் தம் பிள்ளையிடம் எதிர்பார்த்தது பட்டத்தை. உழைத்தால் கைக்கு எட்டக்கூடிய எதிர்பார்ப்பு அது. மகன் ஒரு நாள் உலகப் புகழ் பெறுவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் பூப்பந்து ஆடலாம், காற்பந்து ஆடலாம், மேடையில் பேசலாம். ஆட்டம் முடிந்து அவர்கள் காரில் ஏறியதும், "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்குப் புதிதாக என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். தோற்ற நாளிலும் பிள்ளையால் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.