சலிசிலிக்கமிலமும் முகப்பருவும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருவழியில் அமைந்தது புசல்லாவை. அங்குத் தேயிலைத் தொழிற்சாலையின் அருகே செல்வோர் நுகரும் மணம் பல பொருள்களின் கூட்டாகும். அவற்றுள் ஒன்று மெதயில் சலிசிலேற்று. மலைக்கு அப்பால், கச்சான் வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவிற் கொய்யப்படும் தேயிலையின் தனிச்சுவைக்குப் பெரிதும் காரணமாயிருப்பது இதுவே. ஹோட்டன் சமவெளியிலும் நீலகிரியிலும் வளரும் கோல்தேரியா இனச் செடிகளின் இலையிலும், நோவுத் தைலங்கள் பலவற்றிலும் உள்ளது இப்பொருளே. முகப்பருவுக்கு இடப்படும் சலிசிலிக்கமிலம் இதற்கு நெருங்கிய உறவுடையது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

வில்லோ மரப்பட்டையிலிருந்து பெற்ற சலிசினைக் கொண்டு 1838ஆம் ஆண்டில் இரபேல் பிரியா இவ்வமிலத்தை ஆக்கினார். பின்னர் ஜேர்மானிய அறிஞர் கோல்பே கண்ட செயற்கை முறையினால் 1874 முதல் அது தொழிற்சாலைகளிற் பெருகி விலை மலிந்தது. அசுப்பிரின் என்னும் மாத்திரையும் இவ்வமிலத்தின் வழிவந்ததே.

பருவை இவ்வமிலம் சுட்டு எரிக்கின்றது என்று கருதுவோர் உளர். அது பிழை. இளமைப் பருவத்தில் ஓமோன்களின் தூண்டுதலால் தோலின் நெய்ச்சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்த்துளையின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய தோற்கலங்கள் உதிராது ஒன்றோடொன்று ஒட்டி அந்நெய்யுடன் சேர்ந்து அடைப்பாகின்றன. இவ்வடைப்பே பருவின் தொடக்கம். அதன் கருமுனையை அழுக்கென்று எண்ணித் தேய்ப்பதாற் பயனில்லை. தோலின் நிறப்பொருளே அங்குக் காற்றுப்பட்டுக் கறுத்துள்ளது. சலிசிலிக்கமிலம் ஓர் இலீற்றர் நீரில் ஏறக்குறைய 2 கிராமே கரையும். மதுசாரத்திலும் நெய்ப்பொருளிலும் எளிதிற் கரையும். ஆதலின் நெய் நிறைந்த துளையினுள் அது புகுந்து, கலங்களைப் பிணைக்கும் பற்றைத் தளர்த்துகின்றது. அடைப்பு மெல்ல நெகிழ்ந்து வெளியேறும்.

மெல்ல என்பதே இங்கு முக்கியமானது. முகத்திற்குரியது நூற்றுக்கு அரை முதல் இரண்டு வீதக் கரைசலாகும். ஆணிக்கும் பாலுண்ணிக்கும் விற்கப்படும் 17 வீத மருந்து, முகத்தோலைப் புண்ணாக்கிவிடும். படைக்குரிய உவிற்பீல்டு களிம்பிலும் இவ்வமிலம் 3 வீதம் உண்டெனினும், அது பருவுக்கென ஆக்கப்பட்டதன்று. நம்மவரின் கருநிறத் தோலில் எரிச்சல் ஆறியபின்னும் கருந்தழும்பு பல மாதம் நிற்கும். பருவைவிட அதுவே வருத்தந் தரும். எனவே நாளுக்கு ஒருமுறை, மெல்லிதாகப் பூசி ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்திருத்தல் வேண்டும்.

நோவுத் தைலத்தைப் பருவின்மேற் பூசுவது இன்னும் தவறு. கோல்தேரியாத் தைலம் தோலை எரிக்கும், துளையைத் திறக்காது. அதில் 5 மில்லிலீற்றர், ஏறக்குறைய 7 கிராம் அசுப்பிரினுக்கு நிகரான நஞ்சு. குழந்தை விழுங்கின் உயிருக்கே ஆபத்து. அப்போத்தல் இருக்கவேண்டிய இடம் எட்டாத உயரமே.

அசுப்பிரின் ஒவ்வாதோர் இவ்வமிலத்தையும் மருத்துவரைக் கேட்டே தொடுக. சிவந்து சீழ்கொண்ட பருக்களுக்குப் பென்சோயில் பரவொட்சைட்டு வலிமை மிக்கது. தோலின் ஆழத்திற் கட்டியாய்த் திரண்டு நோவெடுக்கும் பருக்களுக்கோ மேற்பூச்சு எதுவும் போதாது. குழித்தழும்பு விழுமுன் தோல்நோய் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.