பொட்டலத்தில் பழம், விதைக்குள் சீட்டுக் குலுக்கல்

அல்போன்சா மாங்கொட்டையை மண்ணில் போட்டால் அதே அல்போன்சா காய்க்காது என்பது தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதனால்தான் காசு கூடுதலானாலும் ஒட்டுக்கன்று வாங்குகிறோம். கஞ்சா விற்பனை சட்டபூர்வமாக நடக்கும் கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு என்று பழப்பெயர் அச்சிட்ட விதைப் பொட்டலத்தை வாங்குபவர்கள் இந்தச் சாதாரண அறிவை மறந்துவிடுகிறார்கள். (இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமின்றி கஞ்சா பயிரிடுவதே குற்றம். வேடிக்கை என்னவென்றால், கஞ்சாவுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் பூ நுனி உண்டு, நுனியோடு சேராத விதை இல்லை.) அந்தப் பழப்பெயர் தாய்ச்செடி எப்படி மணத்தது என்பதைச் சொல்லலாம், விதை எப்படி மணக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது என்பதே என் கட்சி.

பெண் பூவை உருப்பெருக்கியில் பார்த்தால், குண்டூசிகளை நெருக்கி நட்டதுபோல் மெல்லிய காம்பும் உருண்டைத் தலையுமாகச் சுரப்பி மயிர்கள் நிற்கும். மணம் ஊறுவது அந்தத் தலைக்குள். அதில் பெரும்பங்கு டெர்பீன்கள்: மாம்பழத்திலும் உள்ள மிர்சீன், எலுமிச்சைத் தோலின் லிமோனீன், மிளகின் காரியோஃபிலீன். இவற்றைச் செய்யும் நொதிகளுக்கு ஒரு மரபணுக் குடும்பமே இருக்கிறது. அதில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்துக் கலவை மாறும். பெயர்பெற்ற புளூபெர்ரி வகை, டி.ஜே. ஷார்ட் என்ற அமெரிக்கர் 1970களில் தாய்லாந்து, ஆப்கானிஸ்தான் வகைகளைக் கலந்து பொறுக்கியெடுத்த வழியில் வந்தது. பழம் எதுவும் அதில் கலக்கவில்லை. சில செடிகளில் ஏறும் ஊதா நிறத்தைக் காட்டி, அதுதான் பழ வாசனைக்குச் சாட்சி என்பார்கள். அந்த நிறத்தைத் தரும் ஆந்தோசயனினுக்கு மணமே கிடையாது.

சிக்கல் இனவிருத்தியில் தொடங்குகிறது. கஞ்சாவில் பொதுவாக ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் போகும். மணக்கும் பூ பெண்ணிடம் இருக்க, ஆண் என்ன மணத்தைக் கொடுக்கும் என்பதை எப்படி அறிவது? பொலிகாளையின் பால் வளத்தைப் போலத்தான்: மகள்களை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே பொட்டலத்து விதைகளில் ஒன்று பழமாகவும் அடுத்தது ஈரமண்ணாகவும் மணப்பது இதனால்தான். பல தலைமுறை பொறுக்கினால் குணம் நிலைக்காதா என்று கேட்கலாம். ஓரளவு நிலைக்கும், ஆனால் நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் செடியின் வீரியம் தேயும். பெண் செடியில் வெள்ளித் தயோசல்ஃபேட் தெளித்து ஆண் பூ வரவழைத்து, அந்த மகரந்தத்தை அதே செடிக்குச் சேர்க்கும் முறையும் உண்டு. கிடைக்கும் விதை அநேகமாக எல்லாம் பெண்ணாக முளைக்கும். ஆனால் தாயிடம் ஒளிந்திருந்த குணங்கள் பிள்ளைகளில் பிரிந்து வெளியே வரும். தாயின் மணம் அப்படியே வேண்டுமென்றால், கிளையை வெட்டி வேர்பிடிக்க வைப்பதுதான் வழி.

ஆய்வகச் சான்று இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கலாமே என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் பெரும்பாலான சான்றுகள் டெர்பீன்களைத்தான் அளக்கின்றன. 2023இல் ‘ஏசிஎஸ் ஒமேகா’ இதழில் வந்த ஆய்வு, வகைக்கு வகை மணம் மாறுவதற்கு டெர்பீன் அல்லாத, மிகச் சிறிய அளவிலுள்ள சேர்மங்களே முக்கியக் காரணம் என்று காட்டியது. பேஷன் பழத்துக்கு அதன் வாசனையைத் தரும் கந்தகச் சேர்மங்கள் அவற்றில் அடக்கம். இன்னொன்று: 2019இல் வட கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே பெயரில் வெவ்வேறு கடைகளில் விற்ற மாதிரிகளை மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். பல பெயர்களில், ஒரு கடைச் சரக்கு இன்னொரு கடைச் சரக்கோடு ஒத்துப்போகவில்லை.