பழைய காரும் புதிய ஓசையும்

பழைமையைப் பேணுதல் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் கோயில்களும் பள்ளிவாசல்களும் ஏட்டுச் சுவடிகளும் கல்வெட்டுகளுமே எமது நினைவுக்கு வருகின்றன. வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தப்பட்டு நிற்கும் ஒரு பழைய மோட்டார் காரும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. அண்மையில் நுகேகொடையில் வசிக்கும் எமது நண்பர் ஒருவரின் இல்லத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுந்த ஒரு சிறு வாக்குவாதம் இவ்விடயத்தைப் பற்றிச் சற்று ஆழமாகச் சிந்திக்க எம்மைத் தூண்டியது.

அந்த இல்லத்தில் நிற்பது 1960களில் நண்பரின் தந்தையார் வாங்கிய மொரிஸ் மைனர் கார். புறக்கோட்டையில் கடை வைத்திருந்த அப்பெரியவர் அதில்தான் நாளும் போய் வந்தார். காரின் முன்பலகைக்குக் கீழே உலோகப் பெட்டியாலான ஒரு வானொலி பொருத்தப்பட்டிருக்கிறது. நோன்பு காலத்தில் கடையை அடைத்துவிட்டுப் புறப்படும் அவர், கிருலப்பனையைத் தாண்டுவதற்குள் நேரமாகிவிட்டால், ஹைலெவல் வீதியோரத்தில் காரை நிறுத்தி, அந்த வானொலியில் மஃரிப் அதான் ஒலிப்பதைக் கேட்டு, சட்டைப்பையிலிருந்த பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பாராம். பின் இருக்கையில் சிறுவனாக அமர்ந்திருந்த எமது நண்பருக்கு அந்தக் குரலும் அந்தக் காரும் வேறு வேறல்ல.

இப்போது கார் திருத்த வேலைக்காகக் கராஜுக்குச் சென்றிருக்கிறது. நண்பரின் மகன் பழைய வானொலியைக் கழற்றிவிட்டு, முன்பலகைத் தகட்டை வெட்டி, தொடுதிரையும் புளூடூத் வசதியும் கொண்ட புதிய ஓடியோ கருவியைப் பொருத்த விரும்புகிறார். “வாப்பா, இதில் இப்போது ஒன்றுமே கேட்காதே. கேட்காத ரேடியோவை ஏன் வைத்திருக்க வேண்டும்?” என்பது அவரது கேள்வி. நண்பரிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. எம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. எனவே விடையும் உணர்ச்சியை மாத்திரம் சார்ந்ததாக இருத்தலாகாது.

முதலில் அந்தப் பழைய பெட்டி எத்தகையது என்பதை நோக்குவோம். கார் வானொலியின் வரலாறு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழைமை கொண்டது. அமெரிக்காவில் 1930 இல் கல்வின் நிறுவனம் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 1932 இல் ஜேர்மனியின் புளோபங்க்ட் நிறுவனம் அவ்வாறே செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் ‘ரேடியோமொபைல்’ என்ற பெயர் பிரபலமடைந்தது. 1948 இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை உற்பத்தி செய்யப்பட்ட மொரிஸ் மைனர் போன்ற கார்களில் வானொலி என்பது பெரும்பாலும் தனியே பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் ஆடம்பரமாகவே இருந்தது.

அக்கால வானொலிகள் வால்வுகளால் இயங்கின. வால்வுக்கு இருநூறு வோல்ட் அளவிலான உயர் அழுத்தம் வேண்டும். காரின் பற்றறியோ 12 வோல்ட் மாத்திரமே தரும். இந்த இடைவெளியை நிரப்பியது ‘வைபிரேட்டர்’ என்ற சிறு கருவி. நொடிக்கு நூறு தடவைக்கு மேல் திறந்து மூடும் உலோக நாக்கினால் நேர் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக்கி, மின்மாற்றியினூடாக அழுத்தத்தை உயர்த்துவதே அதன் பணி. பழைய கார் வானொலியை முடுக்கியதும் முதலில் கேட்கும் மெல்லிய ரீங்காரம் அதனுடையதே. வால்வுகள் சூடேறிய பின்னர்தான் பாட்டு வரும். 1950களின் நடுப்பகுதியில் டிரான்சிஸ்டர் கார் வானொலி வந்த பின்னர் வைபிரேட்டர் படிப்படியாக மறைந்தது. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெற் சில ஆண்டுகளில் காருக்குள்ளும் புகுந்தது. 1980களில் இறுவட்டும் வந்து சேர்ந்தது.

எமது நாட்டில் இந்த மாற்றங்கள் அதே வேகத்தில் நிகழவில்லை. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் என்பது நடுத்தர வர்க்கத்தினருக்கு எட்டாக் கனியாக இருந்தது. இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினர். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாக வணிகமும் எமது மெக்கானிக்குகளின் கைத்திறனும் இத்தகைய தேவையால் வளம்பெற்றவையே. 1990களில் இங்கு செய்யப்பட்ட மொரிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன என்பது இத்திறனுக்குச் சான்று. 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் ஜப்பானிய கசெற் கருவிகள் நாட்டுக்குள் வந்து குவிந்தன. பழைய கார்களின் முன்பலகைகள் வெட்டப்பட்டதும் பழைய வானொலிகள் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்காலத்தில்தான். இன்று அசல் வானொலியோடு நிற்கும் கார் அரிதாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணமாகும்.

அசல் வானொலி பெறுமதிமிக்கது என்று கூறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் ரேடியோ சிலோன் என்றும், 1967 இல் கூட்டுத்தாபனம் என்றும் வளர்ந்து, 1972 இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் வர்த்தக சேவை 1950 இல் ஆரம்பமானது. எஸ். பி. மயில்வாகனம் தொட்டு பி. எச். அப்துல் ஹமீத் வரையிலான அறிவிப்பாளர்களின் தமிழைக் கடலுக்கு அப்பால் தமிழகத்திலும் இலட்சக்கணக்கானோர் செவிமடுத்தனர். இலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் வானொலி வெறும் பொழுதுபோக்குக் கருவியாக இருக்கவில்லை. செய்தி, நாடகம், மரண அறிவித்தல், நோன்புப் பெருநாள் பிறை என அனைத்தும் அதன் வழியாகவே வந்தன. அந்த ஒலியைக் காருக்குள் ஏந்தி வந்த பெட்டி அவ்வரலாற்றின் ஒரு துண்டு.

இனி மகனின் வாதத்துக்கு வருவோம். அப்பெட்டி மத்திய அலையை மாத்திரமே பிடிக்கும். இன்று எமது தமிழ் வானொலிகளைக் கொழும்பு மக்கள் கேட்பது பண்பலையில். மத்திய அலை ஒலிபரப்பு பெருமளவு சுருங்கிவிட்டது. ஆகவே அப்பெட்டியை எவ்வளவு செப்பனிட்டாலும் பகல் வேளையில் நுகேகொடையில் இரைச்சலே மிஞ்சக்கூடும். இது மறுக்க முடியாத உண்மை. மேலும், காரை ஓட்டுபவர் இன்றைய மனிதர். வழிகாட்டியும் தொலைபேசி அழைப்பும் விருப்பமான கிராஅத்தும் பாடலும் அவருக்கு வேண்டும். வசதியை விரும்புவதைக் குற்றமாகக் கருத முடியாது.

ஆனால் புதிய கருவியைப் பொருத்துவது, கடைக்காரர்கள் கூறுவது போன்று அரை மணி நேர வேலையன்று. முதலாவது இடர் மின்சாரத்தின் திசை. இன்றைய கார்களில் பற்றறியின் எதிர்முனையே காரின் உடலோடு இணைக்கப்படுகிறது. 1960களின் பிற்பகுதி வரையிலான பிரித்தானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. இதை அறியாமல் புதிய கருவியின் வயர்களைத் தொடுத்தால் கருவி கணப்பொழுதில் எரிந்துபோகும், வயரிங்கும் தீப்பற்றலாம். திசையை மாற்றிக்கொள்ள இயலும். ஆயினும் பற்றறியைத் திருப்பி வைப்பது மாத்திரம் போதாது. டைனமோவைப் புதிய திசைக்குப் பழக்க வேண்டும். இக்னிஷன் கொயிலின் இணைப்புகளை மாற்ற வேண்டும்.

இரண்டாவது இடர் மின்சாரத்தின் அளவு. பழைய டைனமோ முழு வேகத்தில் தருவது ஏறத்தாழ 20 அம்பியர். கார் நெரிசலில் ஊரும்போது அதுவும் கிடைப்பதில்லை. மாலை வேளையில் ஹைலெவல் வீதியில் முன்விளக்கும் வைப்பரும் இயங்கும்போது ஒரு பெரிய அம்பிளிபையரையும் சேர்த்து ஓட்டினால் பற்றறி வற்றி, கார் நடுவழியில் நின்றுவிடும். மொரிஸ் மைனரில் இருப்பவை இரண்டே பியூஸ்கள். அவற்றை நம்பிப் புதிய சுமையை ஏற்றலாகாது. புதிய கருவிக்கெனத் தனி வயரும் தனிப் பியூஸும் அவசியம்.

மூன்றாவது, மீட்க முடியாத சேதம். இன்றைய கருவிகள் 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட நியம அளவிலான இடத்துக்கு ஏற்பச் செய்யப்படுபவை. தொடுதிரைக் கருவிகளுக்கு அதைப் போல் இருமடங்கு உயரம் வேண்டும். பழைய காரில் அத்தகைய இடமில்லாததால் தகட்டை வெட்டுகின்றனர். ஸ்பீக்கருக்காகக் கதவுகளில் வட்டத் துளையிடுகின்றனர். கருவியோ ஐந்து ஆண்டுகளில் பழசாகிவிடும். வெட்டிய தகடு ஒருபோதும் மீளாது. எமது காற்றின் ஈரப்பதனில் வெட்டிய விளிம்பு துருவின் வாசலாகவும் ஆகிவிடும்.

பழைய வாகனங்களைப் பேணுவோரின் சர்வதேச சம்மேளனம் 1966 முதல் இயங்கி வருகிறது. குறைந்தது 30 ஆண்டுப் பழைமையும் வரலாற்று ரீதியில் பிழையற்ற நிலையும் கொண்ட வாகனங்களையே அது வரலாற்று வாகனங்களாகக் கருதுகிறது. 2012 இல் அது ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், கட்டடங்களைப் பேணுவதற்கான 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது. அதன் சாரத்தை எளிமையாகச் சொல்வதானால், மாற்றம் தவிர்க்க முடியாததெனில் அது இயன்றளவு குறைவாகவும், பின்னர் நீக்கிவிடக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதாகும்.

இந்த அளவுகோலை வைத்து நோக்கின் தந்தையும் மகனும் எதிரெதிர் அணியில் நிற்க வேண்டியதில்லை. முதலாவது வழி, பழைய பெட்டியைத் திறந்து செப்பனிடுவது. இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் கெடுவது வால்வு அன்று. காகிதத்தாலான கொன்டென்சர்களும், துருப்பிடித்த வைபிரேட்டர் நாக்கும், ஈரத்தில் இற்றுப்போன ஸ்பீக்கர் கூம்புமே. தேர்ந்த வானொலித் திருத்துநர் ஒருவரால் அவற்றை மாற்ற இயலும். பெட்டி பேசும், ஆயினும் கேட்பதற்கு ஒலிபரப்பு வேண்டுமே என்ற கேள்வி எஞ்சும்.

இரண்டாவது வழி, பழைய பெட்டியின் முகத்தையும் குமிழ்களையும் வைத்துக்கொண்டு, உள்ளே பண்பலையும் புளூடூத்தும் கொண்ட புதிய சுற்றைப் பொருத்துவது. வெளிநாடுகளில் இதையே தொழிலாகச் செய்வோர் உளர். பார்வைக்கு அசல் மாறாது. ஆயினும் உள்ளிருந்த பழைய பாகங்கள் அகற்றப்படுவதால், அவற்றைப் பத்திரப்படுத்தி வைக்காவிடில் இதுவும் ஒரு வகை அழிப்பே. ஏற்கெனவே சீர்செய்ய முடியாதபடி பழுதடைந்த பெட்டிக்கு இவ்வழி பொருந்தும்.

மூன்றாவது வழியே எமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. பழைய பெட்டி அதன் இடத்திலேயே இருக்கட்டும். சிறியதொரு புளூடூத் அம்பிளிபையரை இருக்கைக்கு அடியிலோ பொருள்தட்டின் பின்புறத்திலோ மறைத்து வைக்கலாம். ஸ்பீக்கர்களைத் தனிப் பெட்டிகளில் அமைத்துப் பின்புறத்தில் வைக்கலாம். மின் திசைச் சிக்கலுக்கு, காரின் உடலிலிருந்து மின் தொடர்பைத் துண்டிக்கும் மின்மாற்றுக் கருவிகள் உண்டு. ஒரு துளையும் இடாமல் இவ்வளவும் செய்யலாம். வேண்டாதபோது ஒரு மணி நேரத்தில் கழற்றியும் விடலாம். அவ்வளவுக்கும் மனமில்லாதவர்களுக்கு, மீள்மின்னேற்றம் செய்யத்தக்க சிறு ஸ்பீக்கர் ஒன்று இருக்கையில் இருந்தாலே போதும்.

இது புதிய பாடமன்று. புறக்கோட்டையின் சிவப்புப் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. தொழுவோர் தொகை பெருகியபோது அது இடிக்கப்படவில்லை. அருகிருந்த காணிகளில் விரிவாக்கப்பட்டது; சிவப்பும் வெள்ளையுமான பழைய முகப்பு நிலைத்தது. புதியதற்கு இடம் கொடுப்பதற்காகப் பழையதை அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. மறுபுறத்தில், பழைய திருப்பணிகளைப் பெயர்த்தெறிந்து பளிங்கும் ஓடும் பதித்துவிட்டுப் பின்னர் வருந்தும் வழிபாட்டுத் தலங்களும் எம் மத்தியில் உண்டு.

போரினாலும் இடம்பெயர்வினாலும் எமது இரு சமூகங்களும் இழந்த குடும்ப உடைமைகள் எண்ணிலடங்கா. புகைப்படத் தொகுப்புகளும் நூல்களும் வீடுகளும் போயின. அவ்விழப்புகள் எம் கையை மீறியவை. ஆனால் எஞ்சியிருப்பதை நாமே நமது கையால் வெட்டி எறிவது வேறு விடயம். அதற்குப் பிறரை நொந்து பயனில்லை.

கேட்காத வானொலியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று அந்த இளைஞர் கேட்டார். ஒரு பொருளின் பயன் முடிந்த பின்னரும் அதன் சாட்சியம் முடிவதில்லை என்பதே எமது பதில். அதைக் கேட்டு அவர் முழுமையாக உடன்பட்டார் என்று கூற முடியாது. ஆயினும் தகட்டை வெட்ட வேண்டாம் என்று கராஜுக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். தம் பாட்டனார் நோன்பு திறந்த அந்த ஹைலெவல் வீதியில், வருகின்ற நோன்பு காலத்தில் ஒரு மாலை, மறைத்து வைத்த ஸ்பீக்கரில் அதான் ஒலிக்கத் தாமும் அதே காரை நிறுத்த வேண்டும் என்பது அவரது விருப்பம். பழைய பெட்டி அப்போதும் அதே இடத்தில் இருக்கும்.