தலைதட்டிய படி

சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் குனிந்து பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளும் ஆட்களை டெக்சஸின் எந்தச் சுடுதளத்திலும் பார்க்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி தரும் புது ப்ரைமர் பொருத்தி, வெடிமருந்து போட்டு, மேலே புல்லட்டை உட்காரவைத்தால் அந்தக் கூடு மறுபடியும் தோட்டா. ரீலோடிங் என்கிற இந்த வேலையை, ஹூஸ்டனுக்கு மேற்கே எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவரிடம் கற்றேன். முதல் மூன்று வாரம் அவர் என்னை மருந்து டப்பாவைத் தொடவே விடவில்லை. கூடு துடைக்கிற வேலைதான். கையும் கண்ணும் தப்புவது மருந்து அளக்கும் இடத்தில்தான் என்பார். அதனால் இங்கே அந்த ஒரு கட்டத்தை மட்டும், அதிலும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கென்றே செய்யப்பட்ட ரோட்டர் மெஷரை மட்டும் விளக்குகிறேன்.

முதலில் அளவு எவ்வளவு சிறியது என்று தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் எடையை கிராமில் சொல்வதில்லை, கிரெய்னில்தான் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். தானிய மணியை வைத்து எடை போட்ட காலத்துப் பெயர் அது. நம் பொற்கொல்லர்களும் சித்த வைத்தியர்களும் நெல்லெடை, குன்றிமணி என்று கணக்கு வைத்திருந்தார்கள் அல்லவா, அதே வழி. ஒரு குன்றிமணி எடை கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் வரும். கைத்துப்பாக்கித் தோட்டா பலவற்றில் இருக்கும் மருந்து இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். ஒரு சவரன் எடைக்கு மருந்து இருந்தால் இருபது தோட்டாவுக்கு மேல் ஆகிவிடும்.

அந்தத் துளி மருந்து செய்கிற வேலையைப் பாருங்கள். 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் பொது அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்திருக்கும் உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் 35 பவுண்டு காற்றடைக்கிறோம். இது அதைப்போல் ஆயிரம் மடங்கு. அதனால்தான் மருந்து அளவை கிரெய்னில் பத்தில் ஒரு பங்குவரை பார்க்கிறோம். பத்தில் ஒரு பங்கு என்றால் ஆறரை மில்லிகிராம். அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அது ஒரு பழைய கதையிலிருந்து வருகிறது. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 1898-இல் வந்தது. அதன் கூடு கருமருந்தை மனத்தில் வைத்து அமைந்தது. இருபது கிரெய்னுக்கு மேல் கருமருந்து பிடிக்கிற அளவு நீளம். அதே 1898-இல்தான் புல்ஸ்ஐ என்ற புகையில்லா மருந்தும் சந்தைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. புகையில்லா மருந்துக்கு வேகம் அதிகம், கொஞ்சம் போதும். ஆனால் கூடு பழைய நீளத்திலேயே நின்றுவிட்டது. விளைவாக, சரியான அளவு மருந்து போட்ட பிறகும் கூட்டுக்குள் பாதிக்கு மேல் வெற்றிடம். கவனம் பிசகி ஒரே கூட்டில் இரண்டு முறை போட்டுவிட்டாலும் மருந்து வழியாது, வெளியே தெரியாது, புல்லட்டும் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போதுதான் தெரியும். போடாமலே விட்டுவிட்டால் வேறு ஆபத்து: ப்ரைமரின் வேகத்தில் மட்டும் புல்லட் கிளம்பி குழலுக்குள் பாதியில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மருந்து அளக்கும் கருவி எதுவானாலும் இந்த இரண்டையும் அது தானாகத் தடுக்காது.

இப்போது கருவி. மேலே மருந்து கொட்டி வைக்கும் ஹாப்பர். அதன் அடியில் படுக்கையாக ஓர் உலோக உருளை, அதுதான் ரோட்டர். உருளையின் பக்கத்தில் ஒரு குழி. குழி மேலே பார்க்கும்போது மருந்து விழுந்து நிரம்பும். குமிழைத் திருப்பினால் ஹாப்பரின் விளிம்பு குழியின் வாயைத் தலைதட்டிவிடும்; குழி கீழே வரும்போது மருந்து கூட்டுக்குள் இறங்கும். அவ்வளவுதான் வேலை. திருகைச் சுழற்றி அளவு மாற்றும் மெஷர்களில் குழியின் ஆழம் மாறும். மாறாத ரோட்டரில் குழி கடைந்தது கடைந்தபடியே இருக்கும். வேறு அளவு வேண்டுமானால் அந்த ரோட்டரைக் கழற்றி வேறொன்றைப் போட வேண்டும்.

இப்படி மாறாத ரோட்டர் மெஷர்களில் எல்லோருக்கும் தெரிந்தது ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் லிட்டில் டாண்டி. கலிஃபோர்னியாவில் பே ஏரியாவிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரோவில் என்ற ஊரில், 1943-இல், ஃப்ரெட் ஹன்டிங்டன் தன் அப்பாவின் சலவைக் கடைப் பின்னறையில் அச்சு செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. லிட்டில் டாண்டி உள்ளங்கைக்குள் அடங்கும். ஐம்பது கூடுகளைப் பலகைக் குழிகளில் நிறுத்தி, மெஷரைக் கையில் பிடித்து ஒவ்வொரு கூட்டின் வாயிலும் வைத்துத் திருப்பிக்கொண்டே போகலாம். அதற்கு 00, 0, பிறகு 1 முதல் 24 வரை எண்ணிட்ட 26 ரோட்டர்கள். எந்த எண்ணில் எந்த மருந்து எத்தனை கிரெய்ன் விழும் என்று ஓர் அட்டவணையும் உண்டு. லீ நிறுவனம் இதே எண்ணத்தை வேறு விதமாகச் செய்தது: ஆட்டோ டிஸ்க் என்ற மெஷரில் நான்கு தட்டுகள், தட்டுக்கு ஆறு துளை, ஆக 24 அளவு. அதைவிட எளிமை அவர்களுடைய மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டிகள், 0.3 சி.சி.யில் தொடங்கி 4.3 சி.சி. வரை.

சி.சி. என்ற சொல்லைக் கவனியுங்கள். கிரெய்ன் இல்லை, சி.சி., அதாவது கன சென்டிமீட்டர். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான்: ரோட்டர் எடை போடுவதில்லை. அது ஒரு படி. ஆழாக்கு, உழக்கு, மரக்கால் எல்லாம் என்ன செய்தனவோ அதைத்தான் இதுவும் செய்கிறது. ஒரே படியில் புழுங்கலரிசியும் அவலும் ஒரே எடை வராது. படியைக் குலுக்கி அளந்தால் ஒரு பிடி கூட இறங்கும் என்று நெல் அளந்த எவருக்கும் தெரியும். தலைதட்டி அளப்பதும் கோபுரமாக அளப்பதும் ஒன்றில்லை என்பதற்காக ஊர்களில் சண்டையே நடந்திருக்கிறது. ரோட்டர் இதில் ஒரு சண்டையை மட்டும் தீர்க்கிறது, தலைதட்டுவதை. எத்தனை முறை திருப்பினாலும் விளிம்பு ஒரே மாதிரி தட்டும். திருகு தளர்ந்து அளவு நகர்ந்துவிட்டதோ என்ற பயமும் இல்லை. இரண்டும் பெரிய லாபம், அதற்காகவே நான் இதை விரும்புகிறேன். குலுக்கலும் தானிய வேறுபாடும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

மருந்தின் வடிவத்திலிருந்து அந்த வேறுபாடு வருகிறது. பால் பவுடர் என்று ஒரு வகை: 1930-களில் வெஸ்டர்ன் கார்ட்ரிஜ் நிறுவனத்தில் ஃப்ரெட் ஓல்சன் உருவாக்கியது. கசகசா போல் உருண்டை, சில வகைகளில் லேசாகத் தட்டையான உருண்டை. தண்ணீர்போல ஓடிக் குழியை ஒரே சீராக நிரப்பும். தகடு வகை அப்படியில்லை. யூனிக் என்ற மருந்தை விரலில் எடுத்துப் பார்த்தால் சின்னச் சின்ன வட்டத் தகடுகள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்று நடுவில் பொந்து விடும். சில சமயம் குழியின் வாயிலேயே பாலம்போல் கோத்துக்கொண்டு இறங்காமல் நிற்கும். பாதி அளவு விழும், அடுத்த கூட்டில் மிச்சமும் சேர்ந்து விழும். மூன்றாவது வகை நீளமாகப் பிழிந்து நறுக்கியது. இடியாப்பம் பிழிகிற முறையேதான். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஓடும் தொழிற்சாலைக்கு கார்டைட் ஃபேக்டரி என்ற பெயர் வந்தது இப்படிப் பிழிந்த மருந்தால்தான். கார்டு என்றால் கயிறு. மலைரயிலில் போகும்போது அருவங்காடு நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்த தமிழர் பல ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தக் கயிற்று வடிவ மருந்தைப் படியில் அளக்கவே முடியாது. சின்னதாக நறுக்கிய இன்றைய குச்சி மருந்துகள்கூடப் பெரும்பாலும் ரைஃபிளுக்குத்தான், கைத்துப்பாக்கி ரோட்டரில் சிக்கும்.

வடிவம் ஒன்றாகவே இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா அடர்த்தி மாறும். ஒரே பெயர், வேறு லாட் எண் என்றால் அதே குழியில் எடை சற்றுக் கூடவோ குறையவோ செய்யும். ஈரமும் ஒரு காரணம். ஆகவே ரோட்டருடன் வரும் அட்டவணை எந்த ரோட்டரை முதலில் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும், அதற்கு மேல் சொல்லாது. உண்மையில் எவ்வளவு விழுகிறது என்பதை உங்கள் தராசுதான் சொல்ல வேண்டும்.

நான் செய்கிற முறை இது. அச்சிட்ட கையேட்டில் அந்தப் புல்லட்டுக்கும் அந்த மருந்துக்கும் கொடுத்திருக்கும் தொடக்க அளவை எடுத்துக்கொள்வேன். உச்ச அளவுக்கு அருகில் போவதே இல்லை. மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், மற்றவை அலமாரிக்குள். ஹாப்பரை நிரப்பி முதலில் பத்துப் பன்னிரண்டு முறை திருப்பி, விழுந்ததை மறுபடி ஹாப்பரிலேயே கொட்டிவிடுவேன். அதற்குள் மருந்து படிந்து ஒரு நிலைக்கு வந்திருக்கும். பிறகு பத்து அளவைத் தனித்தனியே நிறுப்பேன். பத்தையும் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுப்பவர்கள் உண்டு. சராசரி சரியாக வரும், ஆனால் ஒன்று கூடி ஒன்று குறைந்ததை அது மறைத்துவிடும். தனித்தனியே நிறுத்தால்தான் சிதறல் தெரியும். தராசுக்குச் சோதனை எடைக்கல் வைத்துப் பார்ப்பது, ஏசி காற்று நேரே படாமல் வைப்பது, எலக்ட்ரானிக் தராசின் பக்கத்தில் கைப்பேசியை வைக்காமலிருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் இது. ஹாப்பரில் மருந்து கால்பாகத்துக்குக் கீழே இறங்கவிடுவதில்லை. மேலே அழுத்தும் எடை குறைந்தால் குழி நிரம்புவதும் மாறும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கையின் தாளம். ஒரே வேகத்தில் திருப்பு, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஒரு முறை தட்டி மறுமுறை விட்டால் அதுதான் குலுக்கிய படி.

வேண்டிய அளவு இரண்டு ரோட்டர்களுக்கு நடுவில் வந்தால் என்ன செய்வது? குழியைத் துளையிட்டுப் பெரிதாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கடைசல் பட்டறை அனுபவம் இல்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது, ரோட்டரின் எண் அன்றோடு பொய்யாகிவிடும். பிற்பாடு அதை வாங்குகிறவர் எண்ணை நம்புவார். சிறிய ரோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழே போகாமல். கருமருந்தை மட்டும் இந்த மெஷர்களில் போடவே கூடாது. நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், நம்மவர்களில் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப அமெரிக்க மத்தியச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை, விற்பதற்கென்றால் தேவை. ஆனால் எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் வெறும் கூடும் ப்ரைமரும் புல்லட்டும் மருந்தும்கூட அடங்கும். நண்பரின் மருந்து டப்பாவை நம் வீட்டு அலமாரியில் வாங்கி வைத்தாலும் சிக்கல்தான். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநில விதிகள் தனி: நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கித் தோட்டா வாங்கவே துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை வேண்டும். இந்தியாவிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கவே கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையின் ஓரத்தில் ஒரு பித்தளைக் கூடுகூட இல்லாமல் உதறிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐம்பது கூட்டிலும் மருந்து போட்ட பிறகு பெரியவர் அறை விளக்கை அணைத்துவிடுவார். சின்ன டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்ப்பார். எல்லாக் கூட்டிலும் மருந்தின் மேல்மட்டம் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் இருட்டாகவோ உயர்ந்தோ தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் சரி செய்யமாட்டார். அந்த வரிசை முழுவதையும் தட்டில் கவிழ்த்து மறுபடி அளப்பார். வேலை முடிந்ததும் ஹாப்பரில் மீந்ததை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட வேண்டும். இரவெல்லாம் விட்டுவைத்தால் மருந்திலுள்ள நைட்ரோகிளிசரின் பிளாஸ்டிக்கைக் கறைபடுத்தி அரிக்கும். அதைவிட, மறுநாள் காலையில் உள்ளே இருப்பது எந்த மருந்து என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசியாக ரோட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் குழியைப் பார்ப்பேன். மூலையில் ஒரு தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். தூரிகையால் அதைத் தள்ளிவிட்டு, எந்த டப்பா, எந்த லாட், பத்து முறையில் எவ்வளவு விழுந்தது என்று பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, ரோட்டரோடு பெட்டிக்குள் வைப்பேன். பெரியவருடைய சீட்டுகளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.