பரங்கிமலையில் ஒரு கோணம், பல்லாவரத்தில் புதையல்

பகடையில் ஐந்து விழுந்திருக்கிறது. உங்கள் வீரன் மலையைத் தாண்டிவிட்டானா, பாதியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறானா? பரமபதத்தில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அங்கே ஒரு கட்டம் என்றால் ஒரு கட்டம்தான். பாம்பு கொத்தினால் கீழே, ஏணி கிடைத்தால் மேலே. சாகசக் கதை ஆட்டங்களில்தான் "எவ்வளவு தூரம்? போய்ச்சேர எவ்வளவு நேரம்?" என்று வாக்குவாதம் கிளம்பும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரர், மந்திரவாதி, திருடர் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். வெற்றி தோல்வியைப் பகடை சொல்லும். மேசை நடுவில் சுவரொட்டி அளவுக்கு ஒரு வரைபடம் விரித்திருக்கும். அரண்மனை அறையோ குகையோ வரைந்தால், அதில் ஓர் அங்குலக் கட்டம் நிஜத்தில் 5 அடி.

போனிலேயே வரைபடம் இருக்கிறதே, காகிதம் எதற்கு? போன் வழி காட்டுவதில் கெட்டிதான். ஆனால் விரலால் பெரிதாக்கும்போதெல்லாம் அதன் அளவுத்திட்டம் மாறிவிடுகிறது. இப்போது ஒரு விரற்கடை என்பது தெரு முனை. கொஞ்சம் சுருக்கினால் அதே விரற்கடை செங்கல்பட்டு வரை போகும். அச்சிட்ட தாளில் அந்த ஏமாற்று கிடையாது. நூலை வைத்து யார் அளந்தாலும் ஒரே விடைதான். நான்கு பேர் நான்கு பக்கம் உட்கார்ந்து ஒரே உலகத்தை முழுசாகப் பார்க்கவும் முடியும்.

அதனால் பூதமும் டிராகனும் உலவும் உலகத்தை எங்கேயோ தேட வேண்டாம், சென்னையை அடுத்த தாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 1:50,000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். அதை இரு மடங்கு பெரிதாக்கினால் 1 செ.மீ. 250 மீட்டர் ஆகும். கடையில் கிடைக்கும் சார்ட் ஏறத்தாழ 70 செ.மீ. நீளம், 56 செ.மீ. அகலம். அதாவது 17 கி.மீ.க்கு 14 கி.மீ. பரங்கிமலை, பல்லாவரம், வண்டலூர், பெரும்பாக்கம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதே அளவில் உங்கள் போன் திரையின் குறுக்கே இரண்டு கிலோமீட்டர்கூடத் தெரியாது!

பரங்கிமலையைச் சும்மா சொல்லவில்லை. இந்தியாவின் மாபெரும் நில அளவைப் பணிக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போட்டார்கள். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, சுமார் 12 கி.மீ. தூரத்தைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலியின் நீளம் 100 அடி. அதைக் கிட்டத்தட்ட 400 முறை எடுத்து எடுத்து வைக்க வேண்டும்.

அளந்தது கோடையில். வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த 100 அடிச் சங்கிலி நீள்வது 4 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். அது போனால் போகட்டும் என்று விட்டால், 400 முறை சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பிழை! அதனால் லாம்டன் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக் கணக்கைத் திருத்தினார். என்னைக் கேட்டால் இந்தப் பணியின் உண்மையான சாகசம் இந்தப் பொறுமைதான்.

இந்த ஒரு கோட்டை அளந்த பிறகு, மற்ற இடங்களுக்குச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கோட்டின் இரு முனைகளிலும் நின்று தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்து, கோணங்களை மட்டும் அளந்தால் போதும். ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் முக்கோணம் முழுதும் தெரிந்துவிடும்.

நமது புதையல் குறிப்பும் இதுதான். சார்ட்டில் பரங்கிமலையையும் பெரும்பாக்கம் குன்றையும் கோட்டால் இணையுங்கள். 12 கி.மீ. என்பதால் அது சுமார் 48 செ.மீ. வரும். கதை சொல்பவர் ஓர் ஓலையை நீட்டுகிறார்: "பரங்கிமலையில் 50 பாகை, பெரும்பாக்கத்தில் 30 பாகை. மேற்கே பார்." கோணமானியை வைத்து இரண்டு கோடு இழுத்தால், அவை பரங்கிமலையிலிருந்து 24 செ.மீ. தள்ளிச் சந்திக்கும். அது பல்லாவரம் பக்கம். புதையல் என்னவென்று கேட்கிறீர்களா? கல் கோடரி! 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அது.

கோணத்தில் ஒரே ஒரு பாகை பிசகினால்? அந்தத் தூரத்தில் 4 மி.மீ. தள்ளிப் போவீர்கள். தாளில் அது ஒன்றுமில்லை. தரையில் 100 மீட்டர், வேறொரு தெரு. லாம்டன் அரை டன் எடையுள்ள கோணக் கருவியை மலை மலையாகத் தூக்கிக்கொண்டு போனது வீம்புக்காக அல்ல.

இனி நடை. சதுரக் கட்டம் போட்டால் தந்திரக்காரர்கள் மூலைவாட்டில் போவார்கள். மூலைக்கு மூலை தூரம் 1.4 மடங்கு என்பதால், 10 கட்டம் நகர்ந்தே 14 கட்டத் தூரம் போய்விடுவார்கள், 4 கட்டம் இலவசம். தேன்கூட்டைப் போல அறுகோணம் போட்டுவிட்டால் அண்டை அறைகள் ஆறும் ஒரே தூரத்தில் இருக்கும். ஓர் அறைக்கு 2 செ.மீ. வையுங்கள், அது 500 மீட்டர். மணிக்கு 5 கி.மீ. நடப்பவருக்கு 6 நிமிடம்.

மேட்டுக்கு? வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்கு சொன்னார். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் நடை நேரத்தோடு ஒரு மணி சேர்க்க வேண்டும். அப்படியானால் 20 மீட்டருக்கு 2 நிமிடம். உங்கள் வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால், மூன்று கோடு ஏறுவது ஓர் அறை நடப்பதற்குச் சமம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து என்று அர்த்தம். பரங்கிமலையோ வண்டலூர்க் குன்றோ, சுற்றிப் போவதா ஏறிப் போவதா என்பதை இனிக் கத்திப் பேசித் தீர்க்க வேண்டியதில்லை, எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக நீர்ப்பூதம். இதற்குப் பகடையே கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும், ஒரு முறைக்கு ஓர் ஏரி நகரும். 'மழை' என்று எழுதிய மழைச் சீட்டு விழுந்ததும் செம்பாக்கம் ஏரியில் எழும் பூதம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இறங்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவைத் தாண்டிப் பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு கோவளம் கடல். மேற்குத் தாம்பரத்தில் எழும் பூதத்துக்கு வழி வேறு. அது முடிச்சூர்ப் பக்கம் போய் அடையாற்றோடு சேர்ந்துகொள்ளும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆகவே மழைச் சீட்டு விழும் நேரத்தில் அங்கே கூடாரம் போட்டிருப்பவர் இரண்டு முறை ஆடும் வாய்ப்பை இழப்பார். ஏரி எல்லாவற்றுக்கும் நீல வண்ணம் தீட்டிவிட்டு, எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்கு நீர் போகிறது என்று ஒரு சின்ன அம்புக்குறி போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் பூதத்தை ஓட்டுபவர் கள்ளாட்டம் ஆடிவிடுவார்.