ஹைதராபாத்தின் கணக்கு குமரிக் கடலின் படகுக்கு எட்டுமா?

புது தில்லி: கடற்கரையே இல்லாத ஹைதராபாதில் அமர்ந்து, வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் எழவிருக்கும் அலைகளைக் கணக்கிட்டுச் சொல்லி வருகிறது மத்திய அரசின் ஆய்வு மையம் ஒன்று. கணிதமும் இயற்பியலும் செயற்கைக்கோள் தொழில்நுட்பமும் கைகோத்ததன் பயனாக, கடலின் போக்கைச் சில நாள்களுக்கு முன்பே அறிவிக்கும் திறன் நாட்டுக்குக் கிடைத்துள்ளது. ஆனால், அந்த அறிவிப்பு கரையைத் தாண்டி, நடுக்கடலில் வலை வீசிக் கொண்டிருக்கும் மீனவரின் படகுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

ஹைதராபாத் நகரின் வடமேற்கே நிஜாம்பேட்டை ஒட்டி இயங்கும் அந்த நிறுவனம், இன்காய்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம். 1999-ல் தொடங்கப்பட்ட இம்மையம் தற்போது மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் உள்ளது. மீன்வளம் மிகுந்த பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிப்பதில் தொடங்கிய அதன் பணி, 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு முற்றிலும் வேறொரு பரிமாணத்தைப் பெற்றது.

வீணான இரண்டு மணி நேரம்

2004 டிசம்பர் 26-ம் தேதி காலை 6.29 மணியளவில் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. தமிழகக் கரையை அலைகள் தாக்கியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. எச்சரிப்பதற்கான அமைப்புதான் இல்லை. தமிழகத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

நான்கே நாள்கள் கழித்து, டிசம்பர் 30-ல் எதிர்மாறான தவறு நேர்ந்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பின் பேரில் மத்திய உள்துறை அமைச்சகம் மீண்டும் சுனாமி எச்சரிக்கை விடுக்க, கரையோர மக்கள் அலறி ஓடினர். அலை வரவில்லை. அக்கணிப்பில் அறிவியல் அடிப்படை ஏதுமில்லை என்று அப்போதைய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் கபில் சிபல் கூறினார். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டதும், சொல்லத் தேவையற்ற நாளில் சொன்னதும் சேர்ந்து, நாட்டுக்கெனச் சொந்த எச்சரிக்கை அமைப்பு தேவை என்பதை உணர்த்தின. 2007 அக்டோபர் 15-ல் ஹைதராபாதில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தைக் கபில் சிபல் தொடக்கிவைத்தார்.

கணிதம் செய்யும் வேலை

கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், சுனாமி அலையின் வேகம் கிடைத்துவிடும். பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்கு இது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் அதிகம். விமானத்தின் வேகத்துக்குச் சற்றே குறைவு. கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் சுமார் 36 கிலோமீட்டராகச் சரிந்துவிடும். வேகம் குறையக் குறைய அலை உயர்ந்து எழும்.

எந்தக் கரையில் எவ்வளவு உயரத்துக்கு அலை எழும் என்பதே கடினமான கேள்வி. கடலடி மேடுபள்ளம், கரையின் வளைவு, ஆற்று முகத்துவாரம் ஆகிய அனைத்தையும் சேர்த்துச் சமன்பாடுகளைத் தீர்க்கக் கணினிக்கும் நேரம் பிடிக்கும். அந்தமான் நிகோபார் தீவுகளுக்கோ அரை மணி நேர அவகாசம்கூட இருக்காது. எனவே, எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவ்வளவு வலிமையுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டால் அலை எப்படிப் பரவும் என்பதை ஆயிரக்கணக்கான கற்பனைச் சூழல்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைத்துள்ளனர். இதற்கு ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவான கணித மாதிரி பயன்படுத்தப்பட்டது. நிலநடுக்கம் பதிவானதும் அதற்கு மிக நெருக்கமான சூழலைத் தேர்ந்தெடுத்து முதல் அறிவிப்பை வெளியிடுவர். கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமட்ட மானிகளும் தரும் அளவீடுகள் அதனை உறுதிப்படுத்தும் அல்லது தள்ளுபடி செய்யும்.

2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இம்முறை சோதனைக்கு உள்ளானது. சில நிமிடங்களில் எச்சரிக்கை வெளியானது. நிலத்தட்டுகள் செங்குத்தாக உயராமல் பக்கவாட்டில் நகர்ந்திருந்ததால் பேரலை எழவில்லை. கடல்மட்ட அளவீடுகள் வந்ததும், அன்றே எச்சரிக்கை விலக்கிக் கொள்ளப்பட்டது. 2004 டிசம்பர் 30-ல் நேர்ந்த குழப்பத்துடன் ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகியவற்றுடன் சேர்ந்து, இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கான எச்சரிக்கைப் பொறுப்பையும் இந்தியா ஏற்றுள்ளது.

கள்ளத்தனமாக வரும் கடல்

சுனாமியைவிட அடிக்கடி வருவது கள்ளக்கடல். வானம் தெளிந்திருக்கும், காற்றும் இருக்காது, ஆயினும் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறும். கேரள மீனவர்கள் இட்ட இப்பெயரையே அறிவியல் சொல்லாக யுனெஸ்கோ 2012-ல் ஏற்றுக் கொண்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் சூறாவளிக் காற்று எழுப்பும் நீண்ட அலைகள், மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பல நாள்கள் பயணம் செய்து குமரிக் கரையை அடைகின்றன. அந்தப் பயண காலமே முன்னறிவிப்புக்கான அவகாசம். இதற்கெனத் தனி முன்னறிவிப்புச் சேவையை இன்காய்ஸ் 2020-ல் தொடங்கியது.

2024 ஏப்ரல் இறுதியில் தென்கடலில் 11 மீட்டர் உயர அலைகள் எழுந்ததை இன்காய்ஸ் கண்டறிந்து, தமிழகம், கேரளம் உள்ளிட்ட கரையோர மாநிலங்களை மே முதல் வாரத்தில் எச்சரித்தது. கணிப்பு பொய்க்கவில்லை. ஆயினும், எச்சரிக்கை நடைமுறையில் இருந்த மே 6-ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடற்கரைக்கு வந்த மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அறிவியல் தனது கடமையைச் செய்து முடித்த பிறகும் உயிர்கள் பறிபோகக் கூடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று தேவையில்லை.

நாடாளுமன்றம் எழுப்பிய கேள்வி

கரையில் இருப்பவர்களின் நிலை இதுவென்றால், ஆழ்கடலுக்குச் சென்றவர்களின் நிலை இன்னும் மோசம். 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் உருவான ஒக்கி, மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுப்பெற்றது. புயல் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையுடையது. எச்சரிக்கை வெளியானபோது மீனவர்கள் பலர் ஏற்கெனவே பல நாள் தொலைவில் இருந்தனர். தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் ஆண்களை இழந்தன. ப. சிதம்பரம் தலைமையிலான உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஒக்கியும் அதனால் மீனவர்களுக்கு நேர்ந்த பாதிப்பும் குறித்துத் தனி அறிக்கையே 2018-ல் அளித்தது.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது என்பதே அடிப்படைச் சிக்கல். இதற்குத் தீர்வாக, செயற்கைக்கோள் வழியே அறிவிப்பைப் படகுக்கு அனுப்பும் 'ஜெமினி' என்ற கருவி 2019 அக்டோபரில் அறிமுகம் செய்யப்பட்டது. இன்காய்ஸின் எச்சரிக்கை படகுக்கு வரும். ஆனால், படகிலிருந்து உதவி கோர அக்கருவியில் வழியில்லை. இக்குறையைப் போக்கும் இருவழித் தொடர்புக் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. ரூ. 364 கோடியில், 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த ஒரு லட்சம் படகுகளில் அதனை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மோடி 2024 ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடக்கிவைத்தார். ஒக்கிக்கும் இத்திட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒரே கடல், ஐந்து அமைச்சகங்கள்

தாமதத்துக்கான காரணத்தை அறிவியலில் தேடிப் பயனில்லை. அலையையும் புயலையும் கணிப்பது புவி அறிவியல் அமைச்சகம். பேரிடர் மேலாண்மை உள்துறையின் பொறுப்பு. படகுகள் மீன்வளத் துறைக்கு உரியவை. செயற்கைக்கோள் விண்வெளித் துறையிடம் உள்ளது. தேடி மீட்கும் கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. இவற்றுக்கு அப்பால் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் இருக்கின்றன. ஹைதராபாதில் பத்து நிமிடங்களுக்குள் பிறக்கும் எச்சரிக்கை இத்தனை வாசல்களைக் கடந்தாக வேண்டும்.

கடைசி வாசல் எவ்வளவு எளிமையானதாக இருக்க முடியும் என்பதைப் புதுச்சேரி அருகே உள்ள நல்லவாடு 2004-லேயே காட்டியது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊர் முழுவதும் அறிவித்து மக்கள் வெளியேறினர். உயிர்கள் தப்பின. அன்று நல்லவாட்டில் ஒலிபெருக்கி இருந்தது, கணிப்பு இல்லை. இன்று கணிப்பு இருக்கிறது.

கிராமங்களைத் தயார்ப்படுத்துவதில் ஒடிசா முந்திக் கொண்டுள்ளது. சுனாமியை எதிர்கொள்ளத் தயாரான ஊர்கள் என்ற யுனெஸ்கோ சான்றிதழை 2020 ஆகஸ்டில் இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றவை அம்மாநிலத்தின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி கிராமங்கள். 2024 நவம்பரில் அங்குள்ள 24 கிராமங்களுக்கு அச்சான்றிதழ் வழங்கப்பட்டது. வெளியேறும் பாதை, புகலிடம், ஒத்திகை, ஊர்க்குழு ஆகியவையே அதற்கான தகுதிகள். பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஆழிப்பேரலையில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொடுத்த தமிழகம் இதில் முன்னிலை வகித்திருக்க வேண்டும்.

அலையிலிருந்து மின்சாரம்

கடலை அளக்கும் அறிவியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. காற்று, அலை, ஓதம், நீரோட்டம், வெப்ப வேறுபாடு ஆகியவற்றிலிருந்து இந்தியக் கடற்பரப்பில் எங்கெங்கு எரிசக்தி பெறலாம் என்பதைக் காட்டும் வரைபடத் தொகுப்பையும் இன்காய்ஸ் தயாரித்துள்ளது. குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளை நிறுவ ரூ. 7,453 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. காற்றாலை வரும் கடலும் மீனவர் வலை வீசும் கடலும் ஒன்றே என்பதால், அளவீடுகள் யார் பயனுக்கு என்ற கேள்வியும் இனி எழும்.

பணம் ஒதுக்கப்படாமல் இல்லை. புவி அறிவியல் அமைச்சகத்தின் 'பிருத்வி' திட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை ரூ. 4,797 கோடியும், ஆழ்கடல் ஆய்வுத் திட்டத்துக்கு ரூ. 4,077 கோடியும் அனுமதிக்கப்பட்டன. மேலும் துல்லியமான கணிப்புகளுக்கு அவை உதவும். ஆனால், இருவழிக் கருவித் திட்டம் விசைப்படகுகளுக்கும் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுகளுக்குமானது. துடுப்பும் பாயும் கொண்டு கடலேறும் வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் எச்சரிக்கை எவ்வழியே செல்லும் என்பதற்கு அத்திட்டத்தில் விடை இல்லை. எத்தனை படகுகளில் கருவி பொருத்தப்பட்டது, எத்தனை இயங்குகின்றன, எத்தனை கடலோர ஊர்களில் ஒத்திகை நடந்தது என்ற மூன்று கணக்குகளையும் கடலோர உறுப்பினர்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவையில் கேட்டுப் பெற வேண்டும். ஹைதராபாத் போடும் கணக்கு சரியா என்பதை அலை வந்ததும் கடலே சொல்லிவிடும். இந்த மூன்று கணக்குகளை நாடாளுமன்றம்தான் சரிபார்த்தாக வேண்டும்.